பூட்டில்லாத ரேக்கு, பூட்டுன ஸ்விட்ச்

காசு குடுத்து வாங்குனவர்தான் ஓனரு, இதுல பேச என்ன இருக்குன்னுதான் நானும் ரொம்ப நாளா இருந்தேன், இப்பவும் முக்கால்வாசி அந்தக் கட்சிதான். மிச்சம் ஒரு கால்வாசி இருக்கே, அதுதான் போன கோடைல ஏற்காட்டுல ஒரு வேலைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து நச்சரிச்சுட்டே இருக்கு. ஒரு ஸ்விட்ச்சு. லைட்டு போடுற ஸ்விட்ச் இல்ல, கம்ப்யூட்டரு, கேமரா, வைஃபை எல்லாத்தையும் கேபிள்ல ஒண்ணா இணைக்கிற நெட்வொர்க் பொட்டி. 24 போர்ட்டு, சிஸ்கோ கம்பெனியோட கேட்டலிஸ்ட் 2960 வகை, நம்ம ஊர்ல பாதி காலேஜ்லயும் பாதி ஆஸ்பத்திரிலயும் தூசி படிஞ்சு கெடக்குமே அதேதான். அதை வாங்குனவரு என் பக்கத்துல நிக்கிறாரு, பொட்டி எங்க ரெண்டு பேரு முன்னாடி மினுக்கு மினுக்குன்னு எரியுது, ஆனா உள்ள போக முடியல. யாரோ ஒருத்தன் மூணு வருசத்துக்கு முன்னாடி அடிச்ச ஒரே ஒரு வரி எங்களை வெளில நிறுத்தி வெச்சிருக்கு. அவன் செஞ்சது சரியா தப்பான்னு நண்பர்கள்கிட்ட கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, நானே காலைல ஒண்ணும் சாயங்காலம் ஒண்ணும் சொல்லிட்டு இருக்கேன், அதான் எழுதிடலாம்னு.

இடம் ஒரு பழைய காப்பி எஸ்டேட்டு. சில்வர் ஓக்கு, அதுல ஏறுன மிளகுக் கொடி, நடுவுல ஒரு பங்களா, அதச் சுத்தி காட்டேஜ். எஸ்டேட்டுல வர்ற வருமானத்த விட காட்டேஜ் வாடகைலதான் இப்ப வண்டி ஓடுது, அது அங்க நெறைய பேருக்கு அப்படித்தான். ஓனரு புதுசா ரெண்டு காட்டேஜ் கட்டியிருந்தாரு, அதுக்கு வைஃபை போடணும், அவ்வளவுதான் வேலை. வைஃபை குடுக்குற ஆக்சஸ் பாயிண்ட் மாட்டி, கேபிள் இழுத்து, ஸ்விட்ச்சுல ரெண்டு போர்ட்ட டிரங்க்கா மாத்தி கெஸ்ட் விலானையும் ஆபீஸ் விலானையும் விட்டா முடிஞ்சது. விலான்னா ஒரே ஸ்விட்ச்சுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு கலக்காம பிரிச்சு வெச்ச தனித்தனி நெட்வொர்க்கு, பல விலான் சேந்து போற போர்ட்டுதான் டிரங்க்கு. கேபிள் வேலைக்கு ஒரு நாள் ஆகும், ஸ்விட்ச் வேலைக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகாதுன்னு சொல்லிட்டுத்தான் அடிவாரத்துல இருந்து ஏறுனேன். அங்க போனா யாருக்கும் பாஸ்வேர்டு தெரியல. முன்னாடி செட் பண்ணுன பையனோட நம்பருக்குப் போட்டா உபயோகத்துல இல்லைங்குது. சேலத்துல இந்தத் தொழில்ல இருக்கவங்களுக்கு இது தெனமும் பாக்குற கதைதான், கேமரா டிவிஆர்ல இருந்து பயோமெட்ரிக் வரைக்கும் பாதி ஊரோட பாஸ்வேர்டு யாரோ ஒரு பையனோட மண்டைக்குள்ளதான் இருக்கு, அவன் வேலை மாறிட்டா அதுவும் அவன்கூட ஓசூருக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிடும்.

அப்பவும் நான் கவலப்படல. பையில கன்சோல் கேபிள் இருந்துச்சு, லேப்டாப்ப நேரா ஸ்விட்ச்சோட கன்சோல் போர்ட்டுல சொருகி பேசுற கேபிள்.

கிட்ட வந்து நிக்கிறவனுக்கு மட்டும்

இப்ப வர்ற பசங்க அந்த வெளிர் நீல தட்டை கேபிள பாத்தா சிரிக்கிறாங்க. "அண்ணா, எல்லாம் கிளவுடுல வந்துருச்சு, க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணா ஸ்விட்ச்சு தானா கான்ஃபிக் எடுத்துக்குது"ங்கிறான். கான்ஃபிக்குன்னா ஸ்விட்ச்சு எப்படி நடந்துக்கணும்னு எழுதி வெச்ச செட்டிங்கு. எடுத்துக்கட்டும், சந்தோஷம். ஆனா அதுக்கு மொதல்ல அந்த ஸ்விட்ச்சுக்கு ஒரு ஐபி முகவரி கெடைக்கணும், பேர முகவரியா மாத்துற டிஎன்எஸ் வேலை செய்யணும், வெளில இண்டர்நெட்டு இருக்கணும். நெட்வொர்க்க கட்டுறதுக்கே நெட்வொர்க்கு வேணும்னா முதல் செங்கல்ல யாரு வெக்கிறது? கன்சோல் போர்ட்டுக்கு இது எதுவுமே வேண்டாம். அது பேசுறது ஆர்எஸ்-232, 1960ல வந்த சீரியல் ஸ்டாண்டர்டு, நெட்வொர்க் கேபிள்ல ஓடுற ஈதர்நெட்டே 1973லதான் பொறந்துச்சு. 9600 பாட், அதாவது செகண்டுக்கு 9600 பிட்டு, எட்டு டேட்டா பிட்டு, பிழை பாக்குற பாரிட்டி கெடையாது, ஒரு ஸ்டாப் பிட்டு, கொஞ்சம் நிறுத்துன்னு சொல்ற ஃப்ளோ கண்ட்ரோல் நன். ஒரு எழுத்துக்கு முன்னாடி ஸ்டார்ட் பிட் பின்னாடி ஸ்டாப் பிட் சேத்து பத்து பிட்டு, ஆக செகண்டுக்கு 960 எழுத்துக்கு மேல போகாது. அதனாலதான் ஷோ ரன்னுன்னு கட்டளை அடிச்சா கான்ஃபிக் முழுசும் வரி வரியா ஓடி முடிய அவ்ளோ நேரமாகுது.

எரிச்சல் குடுக்குற விஷயங்களும் உண்டு, இல்லைன்னு சொல்லல. திரையில கன்னாபின்னான்னு குப்பை எழுத்தா வந்தா ஸ்பீடு தப்பு, எல்லாரும் 9600 இல்ல, மைக்ரோடிக்குன்னு ஒரு கம்பெனி பொட்டி 115200ல பேசும். எழுத்து தெளிவா வருது ஆனா நாம அடிக்கிறது எதுவும் உள்ள போகலைன்னா ஃப்ளோ கண்ட்ரோல் ஹார்டுவேர்ல நிக்கிதான்னு பாக்கணும். லேப்டாப்புல சீரியல் போர்ட்டு காணாமப் போயி பல வருசம் ஆச்சு, அதனால யூஎஸ்பி கன்வெர்ட்டரு, அதுல பாதி போலி சிப்பு. 2014ல இந்த சிப்ப செய்யிற எஃப்டிடிஐ கம்பெனி விட்ட விண்டோஸ் டிரைவரு போலி சிப்ப கண்டுபிடிச்சு அதோட ப்ராடக்ட் ஐடிய பூஜ்யமா மாத்தி செயலிழக்க வெச்சுது, உலகம் பூரா கத்துனதுக்கு அப்புறம்தான் அந்த டிரைவர வாபஸ் வாங்குனாங்க. போலி செஞ்சவன் எங்கயோ ஜாலியா இருந்தான், காசு குடுத்து வாங்குனவன் கையில செத்த கேபிள். இதையும் ஓனர் யாருங்கிற கேள்வியோட சேத்து வெச்சுக்கோங்க.

கன்சோல்ல எனக்குப் புடிச்சது, புடிக்காதது ரெண்டும் ஒரே விஷயம்தான்: பொட்டி முன்னாடி வந்து நிக்கிறவன அது நம்பும். கேட்டலிஸ்ட்ல பாஸ்வேர்டு மறந்துட்டா கரண்ட் வயர புடுங்கி, முன்னாடி இருக்க மோட் பட்டன அமுக்கிப் புடிச்சுகிட்டே திரும்ப சொருகணும், லைட்டு நெறம் மாறுனதும் விட்டா ஸ்விட்ச் அப்படீன்னு ஒரு ப்ராம்ப்ட்ல, நாம கட்டளை அடிக்கிற வரில, வந்து நிக்கும். ஃப்ளாஷ்இனிட்டுன்னு அடிச்சு, கான்ஃபிக்.டெக்ஸ்ட் ஃபைலுக்கு வேற பேரு வெச்சு பூட் பண்ணா, அதுக்கு கான்ஃபிக்கு இருக்குறதே தெரியாது, புது ஸ்விட்ச் மாதிரி எழுந்திருக்கும். ஆரம்ப செட்டப்புக்குப் போலாமான்னு கேக்கும், நோ. செட்டிங் எல்லாத்தையும் மாத்த அதிகாரம் குடுக்குற எனேபிள் கட்டளைய அடிச்சா பாஸ்வேர்டே கேக்காது. உள்ள போயி ஃபைலுக்கு பழைய பேரையே வெச்சு, இப்ப ஓடிட்டு இருக்க ரன்னிங் கான்ஃபிக்ல ஏத்தி, புது பாஸ்வேர்ட போட்டு, சேவ் பண்ணா முடிஞ்சுது. பழைய விலானு, போர்ட்டு எதுவும் கலையாது. எந்த ரகசியமும் இல்ல, கம்பெனியே வெப்சைட்ல படிப்படியா போட்டிருக்கான். கிட்ட வந்தவன் திருடனா இருந்தா என்ன பண்றதுன்னு கேட்டா, திருடன் கிட்ட வராம பாத்துக்கிறது உன் வேலைன்னு பதில் சொல்ற டிசைன் அது.

ஓனர்கிட்ட, ராத்திரி கெஸ்ட்டெல்லாம் தூங்குனதுக்கு அப்புறம் பாத்துக்கலாம் சார், பத்து நிமிஷம் நெட்டு இருக்காதுன்னு சொன்னேன். மே மாசம், கோடை விழா நேரம், ஒண்டிக்கடை பக்கம் கால் வெக்க எடமில்ல, எல்லா காட்டேஜும் ஃபுல்லு. பதினோரு மணிக்கு மேல லாண்ட்ரி ரூமுக்குப் போனோம். ஆமா, ஸ்விட்ச்ச மாட்டி வெக்கிற சட்டம், அதான் ரேக்கு, இருந்தது லாண்ட்ரி ரூம்ல, பெட்ஷீட் அடுக்குக்கு மேல செவுத்துல. அப்ப அது எனக்கு ஒண்ணும் தோணல.

ஒய்யா, என்னா

லேப்டாப் சார்ஜர கழட்டிட்டு, இடி நேரத்துல மலை மேல நான் எப்பவும் பேட்டரிலதான் கன்சோல் மாட்டுவேன், கேபிள சொருகி, மோட் பட்டன அமுக்கிப் புடிச்சு கரண்ட் குடுத்தேன். ப்ராம்ப்ட் வரல. அதுக்குப் பதிலா நாலஞ்சு வரி வந்துச்சு. பாஸ்வேர்டு ரெகவரி முறைய நீங்க தொடங்கியிருக்கீங்க, ஆனா அது நிறுத்தி வெக்கப்பட்டிருக்கு. எல்லா செட்டிங்கையும் அழிச்சு பழையபடி ஆக்குறதுக்கு சம்மதிச்சா மட்டும் உள்ள விடுறேன். அழிக்கட்டுமா, ஒய் ஆ, என் ஆ?

யாரோ நோ சர்வீஸ் பாஸ்வேர்டு ரெகவரின்னு ஒரு வரிய போட்டுட்டுப் போயிருக்கான். படிச்சிருக்கேன், பரிச்சைக்குக் கேப்பான், ஆனா ஏற்காட்டு காட்டேஜ்ல பாப்பேன்னு நெனச்சதே இல்ல. சாதாரண ரெகவரிங்கிறது சாவி தொலைஞ்ச வீட்டுக்கு ஆசாரிய கூட்டிட்டு வந்து பூட்ட ஒடைக்கிறது, இது வீட்ட இடிச்சு காலி மனையா குடுக்குறேன் வேணுமான்னு கேக்குறது. ஒய் குடுத்தா கான்ஃபிக் ஃபைலும் போகும், விலான் டேட்டாபேஸும் போகும். என் குடுத்தா மோட் பட்டன் அமுக்கவே இல்லைங்குற மாதிரி சும்மா பூட் ஆகி பழையபடி ஓடும்.

ஓனரு பின்னாடி நின்னு, "என்ன தம்பி கேக்குது?"ன்னாரு. சொன்னேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு, "என் பொட்டிக்குள்ள நான் போறதுக்கு என் பொட்டிய நானே அழிக்கணுமா? அவன் என்ன, பணயம் வெச்சுட்டுப் போயிருக்கானா?"ன்னாரு. எனக்கும் அதே கோவம்தான். "புதுசா ஒண்ணு வாங்கிடலாமா தம்பி"ன்னாரு அடுத்து. வாங்கலாம், ஆனா புது ஸ்விட்ச்சும் ஒய் குடுத்த ஸ்விட்ச்சும் ஒண்ணுதான் சார், ரெண்டுலயும் உள்ள எழுதி வெச்சது இருக்காதுன்னு சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே ஒறைச்சுது. அவரு காசு குடுத்து வாங்குனது இரும்புப் பொட்டிய. அத வேலை செய்ய வெக்கிறது உள்ள இருக்க நூத்தம்பது வரி எழுத்து, எந்த போர்ட்டு எதுக்கு, எந்த விலான் எங்க போகணும், எது எதோட பேசக்கூடாது. அத எழுதுனவன் வேற. அதுக்கும் கூலி குடுத்திருக்காரு, இல்லைங்கல. ஆனா கூலி குடுத்ததுக்கு அவரு கையில ஒரு காயிதம்கூட இல்ல.

அன்னைக்கு ராத்திரி வேண்டாம்னு 'என்'தான் குடுத்தேன். ஸ்விட்ச்சு ஒண்ணும் நடக்காத மாதிரி எழுந்து ஓடுச்சு.

மறுநாள் முழுக்க, அழிக்கப் போற ஒண்ண வெளில இருந்தே படிக்கிற வேலை. இது எனக்குப் புடிச்சிருந்துச்சுன்னு சொன்னா வீட்டுல திட்டுவாங்க. பாஸ்வேர்டு இல்லாமலே ஒரு சிஸ்கோ ஸ்விட்ச் தன்னப் பத்தி எவ்ளோ பேசும்னு நெறைய பேருக்குத் தெரியாது. சிடிபின்னு ஒண்ணு, யாரும் நிறுத்தலைன்னா நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒவ்வொரு போர்ட்டுலயும், நான் இன்னாரு, என் மாடல் இது, நீ சொருகியிருக்கது இந்த போர்ட்டு, இதோட விலான் நம்பர் இதுன்னு தண்டோரா போடும். பூட்டு மேல பூட்டு போட்ட பையன் இத நிறுத்தல. ஒவ்வொரு கேபிளா கழட்டி, லேப்டாப்ப சொருகி, கேபிள்ல வர்றத காட்டுற வயர்ஷார்க் சாஃப்ட்வேர ஓட விட்டு, ஒரு நிமிஷம் காத்திருந்து, நம்பர நோட்டுல எழுதி, திரும்ப மாட்டி, அடுத்தது. போர்ட் செக்யூரிட்டி போட்டிருந்தா வேற லேப்டாப்ப பாத்ததும் போர்ட்டு அப்படியே படுத்துக்குமேன்னு ஒவ்வொரு தடவயும் ஒரு பயம், நல்லவேளை போடல. டிரங்க் போர்ட்டுல எந்தெந்த விலான் போகுதுங்கிறத இந்த வழில புடிக்க முடியாது, அதுக்கு ரவுட்டர பாத்தேன், அதோட பாஸ்வேர்டு ஓனர் டைரில இருந்துச்சு. 10 கெஸ்ட்டு, 20 ஆபீஸு, 30 கேமரா, அப்புறம் 99ன்னு ஒண்ணு, மேனேஜ்மெண்ட்டுக்கா இருக்கும், அந்த நம்பர அதுக்கு வெக்கிறது ஒரு வழக்கம். ரேக்குக்கு வர்ற கேபிள்ல ஒண்ணுலகூட லேபிள் இல்ல, அதையும் பாத்து பாத்து ஒட்டுனோம், ஓனரோட பேத்தி அழகா எழுதிக் குடுத்துச்சு.

அடுத்த ராத்திரி ஒய்.

அழிஞ்சு, எழுந்து, ஆரம்ப செட்டப் வேணுமான்னு அப்பாவியா கேட்டுச்சு. நோட்ட பாத்து எல்லாத்தையும் திரும்ப அடிச்சேன். விலான், ஒரே விலான் போற ஆக்சஸ் போர்ட்டு, போர்ட்ஃபாஸ்ட்டு, அது இல்லைன்னா கேபிள் சொருகி லைட்டு பச்சை ஆகுறதுக்கு முப்பது செகண்டு, டேட்டா சுத்திச் சுத்தி வராம தடுக்குற ஸ்பானிங் ட்ரீ காக்க வெக்கும், கெஸ்ட்டு அதுக்குள்ள ரிசப்ஷனுக்கு ஃபோன் போட்டுருவாங்க. டிரங்க்கு, தூரத்துல இருந்து உள்ள போறதுக்கு எஸ்எஸ்ஹெச்சு, எனேபிளுக்கு பாஸ்வேர்டா எனேபிள் சீக்ரெட்டு. எல்லாம் எழுந்துச்சு. ஆனா விடிஞ்சதும் ஓனரு, கீழ பம்ப் ஹவுஸ் கேமரா வரலையேன்னாரு. ஃபைபர் போர்ட்டு ஒண்ணு, நான் படிச்ச அன்னைக்கு பம்ப் ஹவுஸ்ல கரண்ட் இல்ல, லைட்டு எரியாத போர்ட்டா இருந்ததால அது பேசவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. அது எந்த விலான், எப்படி போட்டிருந்தான்னு அந்த அழிஞ்ச ஃபைலுக்கு மட்டும்தான் தெரியும். கீழ போயி அங்க இருந்த குட்டி ஸ்விட்ச்ச பாத்து யூகிச்சு சரி பண்ணோம். அது வழுக்குற செம்மண் பாதை, மேல ஏறி வர்றப்போ அந்தப் பையன மனசுக்குள்ள வாய்க்கு வந்தபடி திட்டிட்டே வந்தேன்.

அவன் பக்கத்து ஞாயம்

கொஞ்ச நாள் கழிச்சு அஞ்சு ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைல தட்டுவடை செட்டு தின்னுகிட்டே இந்தக் கதைய சொல்லிட்டு இருந்தேன். கடைக்காரரு, "அட அவனா, நம்ம பையன்தான்"னு சொல்லி ஃபோன போட்டுக் குடுத்துட்டாரு. எடுத்ததும் சண்டை போடலாம்னுதான் நெனச்சேன். அவன் பதறல. "அண்ணா, அந்த ரேக்கு எங்க இருக்குன்னு பாத்தீங்கல்ல?"ன்னான்.

லாண்ட்ரி ரூமு. கதவு எப்பவும் தொறந்தே கெடக்கும், ரேக்குக்கு பூட்டே கெடையாது. அவனுக்கு முன்னாடி வேற யாரோ வந்து, மோட் பட்டன அமுக்கி உள்ள போயி, ஏதோ அவசரத்துக்கு கேமரா விலானையும் கெஸ்ட் விலானையும் ஒண்ணாக்கி விட்டுட்டுப் போயிருக்காங்க. ரூம் எடுத்துத் தங்குன ஒருத்தரு ஃபோன்ல என்விஆரோட, அதாவது கேமராவ பதிவு பண்ற பொட்டியோட, லாகின் பக்கம் வந்திருக்கு, அந்த என்விஆர்ல மாத்தாத டிஃபால்ட் பாஸ்வேர்டு. "பூட்டு வாங்கிப் போடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன் தெரியுமாண்ணா, போடல. எனக்கு வேற வழி தெரியல, ஸ்விட்ச்சுக்குள்ள பூட்டுனேன்"னான். பாஸ்வேர்ட ஏன்டா குடுக்கலைன்னேன். "குடுத்தேண்ணா, அப்ப இருந்த மேனேஜர்கிட்ட, எழுதிக் குடுத்தேன். அவரு வேலைய விட்டுட்டுப் போயிட்டாராமே?" இப்ப ஞாபகம் இருக்கான்னு கேட்டதுக்கு, அந்த கம்பெனிய விட்டு வந்தப்போ அங்க இருந்த சிம்மையும் நோட்டையும் குடுத்துட்டு வந்துட்டேன்னான்.

எனக்குப் பேச்சு வரல. பணயம்னு ஓனரு சொன்னப்போ ஆமா சாமின்னு தலையாட்டுனவன் நான். பையன் சொல்றத கேட்டா கெஸ்ட்டோட ஃபோன்ல யாரோட குடும்பமோ நீச்சல்கொளத்துல இருக்கது தெரியக்கூடாதுன்னு நெனச்சிருக்கான். பொட்டி முன்னாடி வந்து நிக்கிறவன நம்புற டிசைனுன்னு மேல பெருமையா எழுதுனேன்ல, அந்த லாண்ட்ரி ரூம்ல பொட்டி முன்னாடி யாரு வேணா வந்து நிக்கலாம், பெட்ஷீட் எடுக்க வர்றவங்க, குளிக்க டவல் கேட்டு வர்ற கெஸ்ட்டு, என்ன மாதிரி வேலைக்கு வர்றவன்.

ஆனாலும் என் கட்சிய முழுசா விடல. அந்த வரிய போடுற ஆள் கான்ஃபிக்க ஒரு காப்பி எடுத்து வேற எடத்துல பத்திரமா வெக்கணும்னு சிஸ்கோ டாக்குமெண்ட்லயே சொல்றான், ஏன்னா போட்டதுக்கு அப்புறம் உள்ள போற ஒரே வழி அழிக்கிறது. பையன் பூட்டுனான், காப்பி எடுத்தானோ என்னவோ, ஓனர் கைக்கு வரல. பாதி வேலை. அந்தப் பாதி வேலைலதான் நான் செம்மண்ல வழுக்குனேன். காப்பி ஓனர் பீரோல இருந்திருந்தா நான் முதல் ராத்திரியே ஒய் குடுத்துட்டு, ஃபைல திரும்ப ஏத்திட்டு தூங்கப் போயிருப்பேன், அவனையும் கெட்டிக்காரன்னு சொல்லியிருப்பேன். இத அவன்கிட்ட சொன்னதுக்கு, "மேனேஜர் மாதிரி பீரோவும் போயிருந்தா?"ன்னான். வாய் ஜாஸ்தி, ஆனா தப்பா சொல்லல.

இப்ப அந்த ஸ்விட்ச்சுல நான் அந்த வரிய போடல. கான்ஃபிக்க பிரிண்ட் எடுத்து ஒரு கவர்ல, பாஸ்வேர்ட எழுதி வேற ஒரு கவர்ல ஒட்டி, ரெண்டையும் ஓனர் கையிலயே குடுத்தாச்சு. பிரிண்ட்ல பாஸ்வேர்டு தெரியாதான்னு கேப்பீங்க, சர்வீஸ் பாஸ்வேர்டு என்கிரிப்ஷன் போட்டு மறைக்கிறது எல்லாம் கண்துடைப்பு, சிஸ்கோ டைப் 7னு சொல்ற முறை அது, அரை நிமிஷத்துல திருப்பி எடுத்துரலாம், அதனால எல்லாத்தையும் அப்படி திருப்பி எடுக்க முடியாத சீக்ரெட்டா மாத்துனதுக்கு அப்புறம்தான் பிரிண்ட் போட்டேன். ரேக்குக்கு கதவும் பூட்டும் செவ்வாய்பேட்டைல வாங்கி நானே கொண்டுபோயி மாட்டிட்டு வந்தேன், அதுக்குத் தனியா காசு வாங்கல, பையனோட பாதி ஞாயத்துக்கு அது என் பங்கு.

போன மாசம் புது காட்டேஜ்ல ஒரு ஆக்சஸ் பாயிண்ட் மாத்த மேல போயிருந்தேன். ரேக்கு பூட்டியிருந்துச்சு. சாவி பக்கத்துலயே செவுத்துல ஒரு ஆணில தொங்குது. என்ன சார் இதுன்னா, "கரண்டு போயி வந்தா பசங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ண வேண்டாமா தம்பி, நான் சேலத்துல இருந்தா யாரு தொறப்பா?"ங்கிறாரு. யூபிஎஸ் போட்டா அந்த வேலையே இருக்காதுன்னு சொல்லியிருக்கேன். கொட்டேஷன் கேட்டிருக்காரு.